பொட்டலத்தில் என்ன உப்பு? எதிரயனியும் நேரயனியும் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஹையர் செகண்டரி பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், ரெக்கார்டு நோட்டில் ஆங்கிலம். லேபுக்குள் மூன்றும் ஒன்றாகக் கொதிக்கும். "டீச்சர், ஈ லவணம் கரைய மாட்டேங்குதுங்" என்று ஒருத்தி சொன்னால், பக்கத்தில் நிற்கிறவள் "சூடு பண்ணிப் பாரு புள்ள" என்பாள்.

பிளஸ் டூ பிராக்டிகலில் அவர்களைக் கலங்க வைப்பது சால்ட் அனாலிசிஸ். ஒரு சிட்டிகை உப்பைப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு எதிரயனி (எதிர்மின்சுமை உள்ள பாதி), ஒரு நேரயனி (நேர்மின்சுமை உள்ள பாதி). இரண்டையும் கண்டுபிடித்து, உறுதி செய்து, எழுத வேண்டும். அட்டவணையை மனப்பாடம் செய்து வருகிறவர்கள்தான் அதிகம். அட்டவணை வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் 'இல்லை' என்று வரும் முடிவை நம்பத் தெரிந்திருக்க வேண்டும். அதை நம்பாதவர்கள்தான் தப்பு உப்பை எழுதுகிறார்கள். சோதனைகளின் வரிசையே கழித்துக்கொண்டு போவதற்காக அமைந்தது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கல்லூரி முதல் வருடத்தில் எனக்கு வரிசையாக மூன்று உப்புகள் குளோரைடு என்று வந்தன. மூன்றும் தப்பு. ஒன்று நைட்ரேட், இரண்டு சல்பேட். வெள்ளி நைட்ரேட் ஊற்றியதும் வெள்ளையாக வந்ததே, பிறகு எப்படித் தப்பாகும் என்று எனக்கு ஆத்திரம். சோதனைக்குழாயை நான் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே பயன்படுத்தியிருந்தேன். உள்ளே ஒட்டியிருந்த நாலு சொட்டுத் தண்ணீரில் இருந்த குளோரைடுதான் எனக்கு 'முடிவு' சொன்னது.

அதனால் என் வகுப்பில் முதல் நாள் உப்பையே கொடுக்க மாட்டேன். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று துணி துவைத்தவர்களுக்குத் தெரியும், சோப்பு நுரைக்காது. பள்ளிக்கூடத்துத் தண்ணீரை மூன்று சோதனைக்குழாய்களில் 2 மில்லி வீதம் எடுக்கச் சொல்வேன். முதலாவதில் நீர்த்த நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு, பிறகு வெள்ளி நைட்ரேட்: பால் கலந்தது போல வெள்ளை, குளோரைடு இருக்கிறது. இரண்டாவதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு பேரியம் குளோரைடு: கொஞ்சம் பொறுத்தால் லேசான கலங்கல், சல்பேட். மூன்றாவதில் அம்மோனியா இரண்டு சொட்டு, பிறகு அம்மோனியம் ஆக்சலேட்: மறுபடி வெள்ளை, கால்சியம். உப்பு எதுவும் போடாமலே மூன்று அயனிகள் கிடைத்துவிட்டன. இதையே காய்ச்சி வடித்த நீரில் செய்தால் மூன்று குழாயும் தெளிவாகவே நிற்கும்.

இந்த வேலைக்குப் பெயர் வெற்றுச் சோதனை. சந்தேகம் வரும்போதெல்லாம் உப்பைப் போடாமல், அதே வினைப்பொருள்களை மட்டும் சேர்த்து ஒருமுறை பாருங்கள். அதிலும் அதே மாற்றம் வந்தால் உங்கள் 'முடிவு' உப்பிலிருந்து வரவில்லை. அப்புறம், குழாய்த் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் சரி, கடைசி இரண்டு அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும்.

கண், மூக்கு, சூடு

பொட்டலத்தைப் பிரித்ததும் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீலம் என்றால் தாமிரம். கமுகுக்கும் திராட்சைக்கும் போர்டோ கலவை அடிக்க நம் தோட்டங்களில் வாங்கும் துரிசு, அதாவது மயில்துத்தம், தாமிர சல்பேட்தான். பச்சை என்றால் நிக்கல் அல்லது இரும்பு. வெளிர் பச்சைக்கு ஃபெரஸ் இரும்பை முதலில் நினையுங்கள். மஞ்சள் கலந்த பழுப்பு ஃபெரிக் இரும்பு. ரோஜா நிறம் அடர்த்தியாக இருந்தால் கோபால்ட், கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற இளஞ்சிவப்பு என்றால் மாங்கனீசு. வெள்ளையாக இருந்தால் இந்தப் பெயர்களைப் பெரும்பாலும் அடித்துவிடலாம். முதல் 'இல்லை' இங்கேயே கிடைக்கிறது.

மூக்கைக் குழாய் மேல் வைக்க வேண்டாம். கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறி மோந்தால் போதும். அம்மோனியா நெடி, காடி வாசனை, அழுகிய முட்டை நாற்றம், மூன்றும் தூரத்திலிருந்தே பேசும். நாக்கில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். ஈய அசிடேட் இனிக்கும், அது நஞ்சு.

பிறகு, நன்கு காய்ந்த குழாயில் சிறிது உப்பைப் போட்டுச் சூடாக்குங்கள். குழாய் ஈரமாக இருந்தால் இந்தச் சோதனை வீண். உப்பு முழுக்க வெண்புகையாக எழும்பி மேல்பகுதியில் வெள்ளையாகப் படிந்தால் அம்மோனியம் உப்பாக இருக்கலாம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் சூட்டில் நவச்சாரம் தேய்க்கும்போது கிளம்புமே, அதே புகை. சூட்டில் மஞ்சளாகி ஆறியதும் வெள்ளையானால் துத்தநாகம். படபடவென்று வெடித்துப் பழுப்புப் புகை வந்தால் ஈய நைட்ரேட். குழாயின் மேல்பகுதியில் நீர்த்துளிகள் நிறைய கோத்தால் படிக நீர் உள்ள உப்பு. எல்லாமே துப்புதான். எதையும் இப்போதே தீர்ப்பாக எழுத வேண்டாம்.

சுடர் சோதனை

உப்பை வாட்ச் கிளாசில் எடுத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டுக் குழைத்து, பிளாட்டினம் கம்பியில் தொட்டு, பன்சன் சுடரின் ஓரத்தில் காட்ட வேண்டும். அமிலம் எதற்கு என்றால், குளோரைடுகள் சுலபமாக ஆவியாகும். சல்பேட்டும் கார்பனேட்டும் அப்படி ஆகாது. கம்பியை அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டிக் காட்டி, நிறமே வராத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் உப்பைத் தொட வேண்டும்.

சோடியம் பொன்மஞ்சள். பொட்டாசியம் வெளிர் ஊதா. கால்சியம் செங்கல் சிவப்பு, வந்த வேகத்தில் போய்விடும். ஸ்ட்ரான்சியம் நின்று எரியும் கருஞ்சிவப்பு. பேரியம் ஆப்பிள் பச்சை, கொஞ்ச நேரம் காட்டிய பிறகே வரும். தாமிரம் நீலம் கலந்த பச்சை.

எங்களுக்கு இங்கே ஒரு தொல்லை உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு வரும். சுடர் ஒரு இடத்தில் நிற்காது. ஜன்னலைச் சாத்தினால் புகை வெளியே போகாது. நான் சுடர் சோதனையை மட்டும் முதலில் முடிக்கச் சொல்லி, பிறகு எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவேன். இன்னொரு தொல்லை சோடியம். வேர்த்த விரலால் கம்பியைத் தொட்டாலே மஞ்சள் எரியும். மஞ்சள் தெரிந்ததும் சோடியம் என்று எழுதிவிடாமல், நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கண்ணாடி மஞ்சளை விழுங்கிவிடும். அதன் பிறகும் ஊதா கலந்த சிவப்பாக ஏதாவது தெரிந்தால் பொட்டாசியம் இருக்கிறது.

இந்தச் சுடர் விளையாட்டைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1860-இல் பன்சனும் கிர்க்காஃபும் ஜெர்மனியில் டூர்க்ஹைம் ஊற்றுத் தண்ணீரை வற்றவைத்து, எஞ்சியதைச் சுடரில் காட்டி நிறமாலையில் பார்த்தபோது, அதுவரை யாரும் பார்க்காத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. சீசியம் என்ற புதிய தனிமம் அப்படித்தான் கிடைத்தது. அதன் உப்பைச் சில கிராம் பிரித்தெடுக்க ஏறத்தாழ 44,000 லிட்டர் தண்ணீரை வற்றவைத்தார்கள். நம் கிணற்றுத் தண்ணீரைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

எதிரயனி: இரண்டு அமிலங்கள் போடும் வடிகட்டல்

எதிரயனிகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். நீர்த்த கந்தக அமிலத்துக்கே வாய் திறப்பவை, அடர் கந்தக அமிலம் ஊற்றினால்தான் திறப்பவை, இரண்டுக்கும் அசையாதவை.

ஒரு சிட்டிகை உப்பில் நீர்த்த கந்தக அமிலம் 1 அல்லது 2 மில்லி விடுங்கள். குபுகுபுவென்று நுரைத்து மணமில்லாத வாயு வந்தால் கார்பனேட்டாக இருக்கும். அந்த வாயுவைச் சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தினால் பால் போலாகும். இதற்குக் கடைச் சரக்கு தேவையில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கி ஒரு இரவு வைத்து, மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்ளலாம். வாயுவை நிறுத்தாமல் செலுத்திக்கொண்டே போனால் பால்நிறம் மறுபடி தெளிந்துவிடும். கரையாத கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. 'முதலில் வந்தது, இப்போது காணோமே' என்று பிள்ளைகள் விழிப்பது இந்த இடத்தில்தான்.

அழுகிய முட்டை நாற்றம் வந்து, ஈய அசிடேட் தாள் கறுத்தால் சல்பைடு. கந்தகம் எரிகிற நெடி வந்து, அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட் தாள் பச்சையானால் சல்பைட். பழுப்புப் புகை வந்தால் நைட்ரைட். லேசாகச் சூடாக்கும்போது காடி வாசனை வந்தால் அசிடேட்.

ஒன்றும் வரவில்லையா? சரி, புதிதாக உப்பு எடுத்து அடர் கந்தக அமிலம் சில சொட்டு விட்டு மெல்லச் சூடாக்குங்கள். குழாயின் வாய் யார் முகத்துக்கும் நேராக இருக்கக் கூடாது. நெடியான நிறமற்ற வாயு வந்து, அம்மோனியாவில் நனைத்த கண்ணாடித் தண்டைக் காட்டியதும் அடர்ந்த வெண்புகை சுருண்டால் குளோரைடு. செம்பழுப்புப் புகை என்றால் புரோமைடாகவும் இருக்கலாம், நைட்ரேட்டாகவும் இருக்கலாம். இங்கே அவசரப்படாமல் ஒரு சிறு தாமிரச் சுருளைப் போட்டுச் சூடாக்குங்கள். பழுப்புப் புகை திரண்டு வந்து கரைசல் நீலமானால் நைட்ரேட். ஊதாப் புகை வந்து, ஸ்டார்ச் தாள் நீலக்கறுப்பானால் அயோடைடு. அதில் யாரும் தப்புச் செய்வதில்லை.

இரண்டு அமிலத்துக்கும் அசையவில்லை என்றால் மிச்சம் சல்பேட், பாஸ்பேட். இப்படி 'இல்லை, இல்லை' என்று வந்தே இரண்டு பெயர்களுக்குள் நம்மைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது.

சோடியம் கார்பனேட் சாறு

இனி உறுதிச் சோதனைகள். உப்பு தண்ணீரில் நன்றாகக் கரைந்தால் அந்தக் கரைசலிலேயே செய்யலாம். ஆனாலும் சாறு எடுத்துச் செய்வதே எனக்குப் பிடிக்கும். கரையாத உப்பாக இருந்தாலும் எதிரயனி சோடியம் உப்பாகிக் கரைசலுக்கு வந்துவிடும். தொல்லை தரும் நேரயனிகள் பெரும்பாலும் கார்பனேட்டாகக் கீழே தங்கிவிடும்.

1 கிராம் உப்பு, 3 கிராம் சோடியம் கார்பனேட், 15 மில்லி காய்ச்சி வடித்த நீர். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்டுங்கள். வடிநீர்தான் சாறு. இதில் கார்பனேட் சோதனையைச் செய்யக் கூடாது. நாம்தானே கார்பனேட்டைப் போட்டோம். வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது செய்துவிடும்.

சாற்றில் மீதமிருக்கும் கார்பனேட்டை அமிலத்தால் தீர்த்த பிறகே எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டும். நுரை அடங்கும் வரை சொட்டுச் சொட்டாக அமிலம். அது எந்த அமிலம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெள்ளி நைட்ரேட் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் மட்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் எல்லா உப்பும் குளோரைடு ஆகிவிடும். பேரியம் குளோரைடு சோதனைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். கந்தக அமிலம் விட்டால் எல்லாமே சல்பேட். தேடுகிற பொருளை நாமே கொண்டுபோய் வைத்துவிட்டுத் தேடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளி நைட்ரேட்டில் தயிர்த் திப்பி போன்ற வெள்ளை வீழ்படிவு, அதாவது கரையாமல் படியும் திடப்பொருள், வந்து அம்மோனியாவில் முழுக்கக் கரைந்தால் குளோரைடு. வெளிர் மஞ்சளாக வந்து அரைகுறையாகக் கரைந்தால் புரோமைடு. மஞ்சளாக வந்து கரையவே மறுத்தால் அயோடைடு. பேரியம் குளோரைடில் வெள்ளை வீழ்படிவு வந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கரையாவிட்டால் சல்பேட். பாஸ்பேட்டுக்கு நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடாக்கினால் கிளி மூக்கு நிறம் வரும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். இல்லை, பளிச்சென்ற மஞ்சள்தான் வரும். அசிடேட்டுக்கு நடுநிலை ஃபெரிக் குளோரைடு விட்டால் ஆழ்ந்த சிவப்பு.

நைட்ரேட்டின் பழுப்பு வளையம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கைப்பழக்கம். சாறு 2 மில்லி எடுத்து நீர்த்த கந்தக அமிலத்தால் அமிலமாக்குங்கள். ஃபெரஸ் சல்பேட் கரைசலை அப்போதே தயாரித்து விடுங்கள். போன வாரம் கலக்கிய மஞ்சள் கரைசல் உதவாது, அது ஃபெரிக் ஆகியிருக்கும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக வழியவிடுங்கள். அது கனமானது, தானாக அடியில் போய் உட்காரும். குழாயை நிமிர்த்தி ஸ்டாண்டில் வைத்துக் கையை எடுங்கள். இரண்டு திரவமும் சந்திக்கும் கோட்டில் பழுப்பு வளையம் மெல்லத் தெரியும். ஆட்டினால் போச்சு. புரோமைடும் அயோடைடும் இங்கே குறுக்கே வரும், நைட்ரைட்டும் வரும். அவை இல்லை என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த வளையத்துக்கு மதிப்பு.

நேரயனி: வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் கரைசல். குளிர்ந்த நீர், பிறகு சுடுநீர், பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடைசியாக அடர் அமிலம். எதில் முதலில் கரைகிறதோ அதில் நிறுத்துங்கள்.

அம்மோனியத்தை எப்போதும் தொடக்கத்திலேயே, உப்பிலிருந்து நேரடியாகப் பாருங்கள். பின்னால் நாமே அம்மோனியா, அம்மோனியம் குளோரைடு என்று அள்ளி ஊற்றப் போகிறோம். அதன் பிறகு தேடி என்ன பயன்? உப்புடன் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா நெடி. நெஸ்லர் கரைசலில் பழுப்பு வீழ்படிவு. நெஸ்லரில் பாதரசம் இருக்கிறது, ஒரு சொட்டே போதும்.

மற்ற நேரயனிகளை, எந்த வினைப்பொருளுக்குப் படிகின்றன என்பதை வைத்து ஆறு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தொகுதி: குளிர்ந்த கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெள்ளை வீழ்படிவு வந்தால், பள்ளி அளவில் அது ஈயம். கொதிநீரில் கரைந்து, ஆறினால் ஊசி ஊசியாகத் திரும்பும். கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள். அதையும் சுடுநீரில் கரைத்து ஆறவிட்டால் குழாய் முழுக்கப் பொன்துகள் மின்னும். வைவாவுக்கு வந்த எக்சாமினரே நின்று பார்ப்பார்.

இரண்டாம் தொகுதி: அதே அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கறுப்பு என்றால் தாமிரம் அல்லது ஈயம், மஞ்சள் என்றால் ஆர்சனிக் அல்லது காட்மியம். தாமிரத்தை உறுதி செய்ய, கறுப்பு வீழ்படிவை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, அம்மோனியாவை மிகுதியாக விட்டால் கண்ணைப் பறிக்கும் கருநீலம் வரும். அசிட்டிக் அமிலம் சேர்த்து, பொட்டாசியம் ஃபெரோசயனைடு விட்டால் சாக்லேட் நிறம். இந்த வாயு நஞ்சு. நாற்றம் 'குறைந்துவிட்டது' என்று தோன்றினால் அங்கிருந்து உடனே நகர்ந்துவிடுங்கள். செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும், வாயு அங்கேயேதான் இருக்கும். இந்த வாயுவைத் தயாரிக்கும் கிப் கருவியைப் புகைப்பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

அமிலம் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி, ஹைட்ரஜன் சல்பைடு பிரிவதை அமுக்கிவிடுகிறது. பொதுஅயனி விளைவு. கரைசலில் சல்பைடு அயனி துளியூண்டுதான் மிஞ்சும். தாமிர சல்பைடின் கரைதிறன் பெருக்கம் (இந்த எண் சிறியதாக இருக்க இருக்கச் சுலபமாகப் படியும்) சுமார் 10⁻³⁶; அந்தத் துளிக்கே அது படிந்துவிடும். துத்தநாக சல்பைடுக்குச் சுமார் 10⁻²⁴. அதற்கு இந்தத் துளி போதாது, அது நான்காம் தொகுதிக்காகக் காத்திருக்கும்.

மூன்றாம் தொகுதியில்தான் மதிப்பெண் போகிறது. வீழ்படிவு இல்லாத கரைசலைக் கொதிக்கவைத்து ஹைட்ரஜன் சல்பைடை முழுக்க வெளியேற்றுங்கள். ஈய அசிடேட் தாள் கறுக்காமல் இருக்க வேண்டும். பிறகு சில சொட்டு அடர் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவையுங்கள். ஃபெரஸ் இரும்பு இருந்தால் ஃபெரிக் ஆகும். ஃபெரஸாகவே விட்டால் இந்தத் தொகுதியில் சரியாகப் படியாது. அடுத்தது திட அம்மோனியம் குளோரைடு, தாராளமாக. அதன் பிறகே அம்மோனியா, அதன் நெடி விடாமல் வீசும் வரை.

செம்பழுப்பு வீழ்படிவு வந்தால் இரும்பு. அமிலத்தில் கரைத்து ஃபெரோசயனைடு விட்டால் பிரஷ்யன் நீலம், தயோசயனேட் விட்டால் ரத்தச் சிவப்பு. நுங்குச் சதை போல, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய வெள்ளைக் கூழ் மிதந்தால் அலுமினியம். அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நீல லிட்மஸ் கரைசல் இரண்டு சொட்டு விட்டு, சுவரோரமாக அம்மோனியா விடுங்கள். நிறமற்ற கரைசலில் நீலத் திட்டுகள் மிதந்தால் உறுதி.

அம்மோனியம் குளோரைடை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் ஒரு பொட்டலத்தோடு சொல்கிறேன்.

நான்காம் தொகுதி: அதே அம்மோனியாக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு. இப்போது அமுக்க அமிலம் இல்லை, சல்பைடு அயனி நிறைய இருக்கும். கறுப்பு என்றால் நிக்கல் அல்லது கோபால்ட், தோல் நிறம் என்றால் மாங்கனீசு, அழுக்கு வெள்ளை என்றால் துத்தநாகம். நிக்கலுக்கு டைமெத்தில்கிளையாக்சைம், 1905-இல் ரஷ்ய வேதியியலாளர் சுகாயெவ் கொண்டுவந்த சோதனை. அம்மோனியா கலந்த கரைசலில் ஒரு சொட்டு விட்டதும் ரோஜாச் சிவப்பாக அப்பிக்கொள்ளும். துத்தநாகத்துக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு: முதலில் வெள்ளை, மேலும் விட்டால் கரைந்துவிடும். மாங்கனீசுக்கும் அதே ஹைட்ராக்சைடில் வெள்ளைதான் வரும், ஆனால் கரையாது. குழாயை அப்படியே வைத்துப் பாருங்கள். மேல் ஓரத்திலிருந்து, காற்று படும் இடத்தில் தொடங்கி, பழுப்பு மெதுவாகக் கீழே இறங்கும். வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பது போல.

ஐந்தாம் தொகுதி: அம்மோனியம் கார்பனேட். பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம் மூன்றும் வெள்ளையாக வரும். வீழ்படிவை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, முதலில் பொட்டாசியம் குரோமேட். மஞ்சள் படிந்தால் பேரியம். இல்லை என்றால் கரைசலின் புதிய பகுதியில் அம்மோனியம் சல்பேட். வெள்ளை படிந்தால் ஸ்ட்ரான்சியம். அதுவும் இல்லை என்றால் மட்டும் அம்மோனியம் ஆக்சலேட். வெள்ளை வந்தால் கால்சியம். ஆக்சலேட்டை முதலில் விட்டால் மூன்றுமே படியக்கூடும், எதுவும் தெரியாது. கிடைத்ததைச் சுடர் நிறத்தோடு ஒத்துப் பாருங்கள்.

ஆறாம் தொகுதியில் மக்னீசியம் மட்டும். அம்மோனியாவும் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் சேர்த்து, கண்ணாடித் தண்டால் குழாயின் உள்சுவரை உரசுங்கள். உரசிய கோட்டிலேயே வெள்ளைப் படிகம் வரும். மேக்னசான் கரைசலில் நீலம்.

ஒரு பொட்டலம், முழுக்க

போன வருஷம் ஒரு மாணவிக்குக் கொடுத்தது: வெள்ளைப் படிகம், வாசனை இல்லை. சூடாக்கியதும் குழாயின் மேல்பகுதி முழுக்க நீர்த்துளி. சுடரில் நிறம் இல்லை. நீர்த்த அமிலத்துக்கு ஒன்றுமில்லை, அடர் அமிலத்துக்கும் ஒன்றுமில்லை. பேரியம் குளோரைடில் வெள்ளை, அமிலத்தில் கரையவில்லை. சல்பேட் என்று எழுதிவிட்டாள். அதுவரை அழகு.

அம்மோனியம் இல்லை. முதல் தொகுதி இல்லை. இரண்டாம் தொகுதி இல்லை. மூன்றாவதில் அம்மோனியா விட்டதும் வெள்ளைக் கூழ். முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சர், அலுமினியந்தானுங்?"

"லிட்மஸ் விட்டுப் பார்த்தியா கண்ணு?"

"நீலத் திட்டு வரலைங். ஆனா வெள்ளை வந்துருச்சுங்களே."

"அம்மோனியம் குளோரைடு போட்டியா?"

பதில் இல்லை. டப்பா மேசையின் அந்தக் கோடியில் மூடியோடு இருந்தது.

அம்மோனியம் குளோரைடு இருந்தால், பொதுவான அம்மோனியம் அயனி அம்மோனியா தரும் ஹைட்ராக்சைடைக் குறைத்து வைக்கும். ஃபெரிக் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் சுமார் 10⁻³⁸, அலுமினியத்துக்குச் சுமார் 10⁻³³. கொஞ்சம் ஹைட்ராக்சைடு இருந்தாலே இரண்டும் படிந்துவிடும். மக்னீசியம் ஹைட்ராக்சைடுக்குச் சுமார் 10⁻¹¹. அதற்கு நிறைய வேண்டும். குளோரைடைப் போடாவிட்டால் அந்த 'நிறைய' கிடைத்து, மக்னீசியம் மூன்றாம் தொகுதியிலேயே வெள்ளையாக வந்து உட்கார்ந்து அலுமினியம் வேஷம் போடும்.

புதிய கரைசலில் குளோரைடு போட்டு மறுபடி செய்தாள். மூன்றாவதில் ஒன்றுமில்லை. நான்காவதில் ஒன்றுமில்லை. ஐந்தாவதிலும் ஒன்றுமில்லை. இப்போது முகத்தில் பயம். 'எதுவுமே வரவில்லையே, எங்கோ விட்டுவிட்டேன் போல' என்று பின்னால் போய்த் தேட ஆரம்பிக்கிற இடம் இது. போகவிடவில்லை. ஆறாவதில் பாஸ்பேட் விட்டு உரசியதும், தண்டு போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு. மக்னீசியம் சல்பேட். தென்னை ஓலை மஞ்சளித்தால் அவளுடைய அப்பா மூட்டையாக வாங்கி மரத்தடியில் போடும் அதே உப்பு. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

மூன்றாவதில் லிட்மஸ் சொன்ன 'இல்லை'யை அவள் நம்பியிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

முடித்த பிறகு

ஈயம், பேரியம், பாதரசம், குரோமேட் கலந்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். எங்கள் லேபில் இவற்றுக்கென்று மூடி போட்ட தனி ஜாடி உண்டு. தொட்டித் தண்ணீர் கடைசியில் மண்ணுக்குள்தான் இறங்குகிறது. போர்வெல்லும் அங்கிருந்துதான் எடுக்கிறது. மீந்த அமிலத்தை நிறையத் தண்ணீரில் மெதுவாக ஊற்றி நீர்க்கச் செய்யுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் அப்போது தெரியாது. வெயிலில் வீட்டுக்கு நடக்கும்போது கறுக்கும். சோப்புக்குப் போகாது, தோல் உரியும் வரை, ஒரு வாரம் பத்து நாள், அப்படியே இருக்கும். குழாய்களைக் கழுவி, கடைசி இரண்டு அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் முடித்து, ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டுப் போங்கள். மறுநாள் காலை முதல் பேட்ச் வரும்போது அவை காய்ந்திருக்க வேண்டும்.